விரலில் போட்ட முதல்

எண்பதுகளின் கடைசியில் பள்ளிக்கரணையில் ஒரு பெண் பிளஸ் டூ முடித்துவிட்டால் வீட்டில் இரண்டு யோசனைதான் ஓடும். வரன் பார்ப்பது ஒன்று. வரன் தகையும் வரை டைப்புக்கு அனுப்பி வைப்பது இன்னொன்று. என் அப்பா இரண்டையும் ஒன்றாகவே தொடங்கினார். வரன் இழுத்துக்கொண்டே போனது. டைப் நிலைத்துவிட்டது.

அன்றைக்கு இது செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில் ஒரு பக்கம் சதுப்பு நிலமும் கோரையும் தண்ணீரும். இன்னொரு பக்கம் வீடுகள், வயல், மறுபடி வீடுகள். பெருங்குடிப் பக்கம் மாநகராட்சி குப்பை கொட்டத் தொடங்கியிருந்தது. காற்று அங்கிருந்து வீசினால் புகையோடு சாம்பலும் வரும். அந்தச் சாம்பல் எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டால் எழுத்துக் கம்பி மேலே போய்த் திரும்பி வராது. அதனால் இன்ஸ்டிடியூட் சார் முதலில் சொல்லிக்கொடுத்ததே மெஷினுக்கு ரெக்ஸின் உறை போடுவதைத்தான். "கவர் போடத் தெரியாதவளுக்கு ஹையர் வராது" என்பார். அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மளிகைக் கடை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் என்று வரிசையாக மெஷின்கள். இங்கிலீஷ் மெஷினில் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். தமிழ் மெஷினில் யளனகபக. சுண்டு விரல்தான் எல்லாருக்கும் எதிரி. 'ய' அடிக்க அதற்கு வலுவே இருக்காது. தாளில் மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாக விழ, ய மட்டும் சாம்பலாகத் தெரியும். சார் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்த ய-வை மட்டும் பார்ப்பார். வலு வர மாதக்கணக்கில் ஆனது.

தமிழ் மெஷினில் இன்னொரு வேடிக்கை உண்டு. கையால் எழுதும்போது 'ம' போட்டுவிட்டு மேலே புள்ளி வைப்போம். மெஷினில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். அந்த விசை அடித்தால் வண்டி நகராது. அதே இடத்தில் அடுத்ததாக ம வந்து உட்காரும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். இந்த நகரா விசை யோசனையோடு தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்து முத்தையா. மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர். 1930களில் ஜெர்மனியின் ஸைடல் அண்ட் நவுமன் கம்பெனியைக் கொண்டு அதைச் செய்வித்தார். 247 எழுத்தை ஒரு விசைப்பலகையில் அடக்க வேறு வழியில்லை. இரும்புக்குத் தக்கபடி மொழியை மடித்தார். நாங்கள் அதற்குத் தக்கபடி விரலை மடித்தோம்.

எங்கள் மெஷின்களுக்கு வைத்தியர் ஒருவர் இருந்தார். பெருங்குடியில் மகாபலிபுரம் சாலையில் இருந்த ஃபேசிட் ஆசியா ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். அந்தச் சாலைக்கு அப்போது ஓ.எம்.ஆர். என்ற பெயர் வழக்கில் வரவில்லை. எல்லாருக்கும் அவர் ஃபேசிட் அண்ணன். ஆலை மூடிய பிறகு சைக்கிளில் ஸ்க்ரூ டிரைவர், மண்ணெண்ணெய் பாட்டில், பழைய பனியன் துணியோடு மேடவாக்கம், மடிப்பாக்கம், தாம்பரம் என்று சுற்றுவார். தொண்ணூறுகளில் ஆபீஸ்களெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கி, டைப்ரைட்டர்களைக் கிலோ கணக்கில் போட்டன. சார் அவற்றைப் பொறுக்கி வாங்கினார். அந்த மெஷின் காலாவதியாகிக்கொண்டிருந்த வருஷங்களில்தான் அவர் இன்ஸ்டிடியூட் பெரிதானது. செத்த மெஷினிலிருந்து உதிரி எடுத்து உயிருள்ள மெஷினுக்குப் போடுவார் அண்ணன். 1955-இல் முதல் டைப்ரைட்டரைச் செய்த கோத்ரெஜ், 2009-இல் உற்பத்தியை நிறுத்தியது. அந்தச் சேதி எங்கள் தெருவுக்கு வந்தபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "இருக்கிற பாடியே என் ஆயுசுக்குக் காணும்" என்றார்.

நான் இங்கிலீஷில் ஹையர், தமிழில் ஹையர் இரண்டும் தேறினேன். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்தேன். அந்தப் பதிவை ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டும் இருந்தேன். அரசு வேலை வரவில்லை. தாம்பரத்தில் ஒரு டி.டி.பி. கடைக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட், வழக்கறிஞர்களின் மனு.

அங்கே எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. கம்ப்யூட்டர் என்றதும் புதிதாக எல்லாம் படிக்க வேண்டியிருக்கும் என்று பயந்துதான் போனேன். விசைப்பலகையில் ஏ எஸ் டி எஃப் என்றுதான் அச்சிட்டிருந்தது. தட்டினால் யளனக வந்தது! அதே பலகை, அதே புள்ளி முதலில், அதே கொம்பு முதலில். இங்கே நகரவோ நகராமல் இருக்கவோ வண்டியே கிடையாது. சிக்கிக்கொள்ளக் கம்பி இல்லை. இருந்தும் அந்த இரும்பு மெஷினின் கட்டாயமெல்லாம் அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. மென்பொருள் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். தமிழ் வேகமாக அடிக்கத் தெரிந்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். எங்களைப் போல ஹையர் தேறிய பெண்கள்தான். எங்கள் விரலுக்கு ஏற்றபடி சரக்கைச் செய்தார்கள். கடைக்காரருக்குப் பயிற்சிச் செலவு மிச்சம். எனக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பக்கத்துக்கு எட்டு ரூபாய்.

அந்தச் சமயத்தில் என் சித்தப்பா ஒரு வங்கியில் கிளார்க். அவருக்கும் மெஷின் வந்தது, ஆனால் வந்த விதம் வேறு. வங்கிகளில் இயந்திரம் புகுத்துவதைப் பற்றி 1983 செப்டம்பரில் சங்கங்களும் வங்கி நிர்வாகங்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. அதற்கடுத்த வருஷம் இதை ஆராய்ந்த ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்தது. லெட்ஜர் பதிகிற மெஷின் ஒன்று வந்தது, ஏ.எல்.பி.எம். என்பார்கள். அதில் உட்காருகிறவருக்குத் தனி அலவன்ஸ். சித்தப்பா அந்தச் சீட்டுக்காக ஆறு மாதம் மேனேஜரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "விரலை மாத்தச் சொன்னா காசு குடுக்கணும்டி" என்பார். சங்கம் இருந்தவர் பேச்சு. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எனக்கு யாரும் விரலை மாற்றச் சொல்லவில்லையே.

அதுவும் வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னின்ற முயற்சி அது. ஒவ்வொரு கம்பெனி எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்த காலம். ஒரு கடையில் அடித்த ஃபிளாப்பியை இன்னொரு கடையில் போட்டால் கட்டம் கட்டமாக, வெள்ளைக்காரன் கெட்ட வார்த்தை மாதிரி ஏதோ தெரியும். வாடிக்கையாளர் ஒரு கடையில் மாட்டிக்கொண்டால் அந்தக் கடையை விட்டுப் போக முடியாது. கடைக்காரர்களுக்கு அதில் வருத்தமும் இல்லை. அந்த மாநாட்டுக்குப் பிறகு அரசு புதிய விசைப்பலகையை ஏற்றது. அதுதான் தமிழ்99. நியாயமான பலகை. 'கொ' என்றால் க அடித்து ஒ அடித்தால் போதும். க இரண்டு முறை அடித்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானே வைத்துக்கொள்ளும். அதிகம் வரும் எழுத்தெல்லாம் நடு வரிசையில், வலுவான விரலுக்குக் கீழே. புதிதாகக் கற்கிறவருக்கு அதைவிட நல்லது இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

நான் புதிதாகக் கற்கிறவள் இல்லை. சில வருஷம் கழித்து எங்கள் கடைக்கு ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சியின் வேலை வந்தது. யூனிகோடில்தான் வேண்டும் என்றார்கள். முதலாளி வாங்கிய மென்பொருளில் தமிழ்99 மட்டும்தான் இருந்தது. "ரெண்டு நாள்ல வந்துடும்மா" என்றார். அவருக்கு டைப் தெரியாது.

தெரியாததைக் கற்பது ஒன்று. தெரிந்ததை மறந்துவிட்டுக் கற்பது வேறு ஜாதி வேலை. 'கொடுக்கப்பட்டது' என்று ஒரு சொல் வந்தால் மூளை க என்று சொல்வதற்குள் வலது சுட்டு விரல் கொம்பைத் தேடிப் போய்விடும். திரையில் சம்பந்தமில்லாத எழுத்து விழும். அழித்துவிட்டு அடித்தால் மறுபடியும் அதுவே. அட்டையில் பலகையை வரைந்து வீட்டில் ராத்திரி சமையல் முடிந்த பிறகு தட்டிப் பார்ப்பேன். என் மாமியார் நான் ஜோசியம் கற்கிறேன் என்று நினைத்தார். பக்கக் கூலி என்பதால் கணக்கு நாணயமாக இருந்தது: பக்கம் பாதிக்குக் கீழே போனது, வருமானமும் பாதிக்குக் கீழே போனது. முதலாளி மென்பொருளுக்குப் பில் வைத்திருந்தார், ஆடிட்டரிடம் காட்டித் தேய்மானம் கழித்துக்கொண்டார். என் விரல் தேய்ந்ததற்குப் பில் இல்லை. பிறகு என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் வந்தன. அவற்றில் தமிழ்99-ம் உண்டு, பழைய டைப்ரைட்டர் முறையும் உண்டு. யார் விரலும் மாற வேண்டாம். அதற்குள் நான் மாறி முடித்திருந்தேன்.

இதெல்லாம் ஏதோ என் தலையெழுத்து என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். என் மகள் பொருளாதாரம் எம்.ஏ. படிக்கப் போன பிறகுதான், உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் இந்த விசைப்பலகையை வைத்து அடித்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. பால் டேவிட் என்பவர் 1985-இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "அம்மா, இது உன் கதை."

பாதிக் கதை என் கதைதான். மில்வாக்கிக்காரர் ஷோல்ஸ் உருவாக்கிய மெஷினை 1870களில் ரெமிங்டன் கம்பெனி விற்கத் தொடங்கியது. கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்கத்தான் இங்கிலீஷ் எழுத்துகளை அகர வரிசையில் வைக்காமல் கலைத்துப் போட்டார்கள் என்பது எல்லாரும் சொல்லும் காரணம். அப்படி இல்லை, தந்தி வாங்கி அடித்தவர்களின் வசதிக்காகத்தான் பலகை அப்படி உருவானது என்று 2011-இல் ஜப்பானில் யாசுவோகா தம்பதியர் எழுதியிருக்கிறார்கள். எதுவானாலும் அந்தக் காரணம் என்றோ போய்விட்டது, பலகை போகவில்லை. 1888-இல் சின்சினாட்டியில் ஒரு போட்டி. சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த மெக்கரின் என்ற ஸ்டெனோகிராஃபர் பலகையைப் பார்க்காமலே அடித்து ஜெயித்தார். அந்த வரியைப் படித்தபோது சார் நினைவு வந்தது. நாங்கள் குனிந்து பார்த்தால் பலகை மேல் நோட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வார்.

டேவிட் சொல்வதன் சாரம் இது. மெஷின், அடிக்கக் கற்றவர், கற்றுத்தரும் பள்ளி, வேலைக்கு எடுக்கும் ஆபீஸ் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பலகைக்கு ஆள் சேரச் சேர அதற்கு இன்னும் ஆள் சேரும். விரலில் போட்ட முதலைத் திரும்ப எடுத்து வேறு இடத்தில் போட முடியாது. ஆகவே முதலில் வந்தது நல்லதோ கெட்டதோ, நின்றுவிடும். 1936-இல் ட்வோராக் என்பவர் காப்புரிமை வாங்கிய பலகை ஷோல்ஸ் பலகையைவிட மேல் என்று பேச்சு உண்டு, அது கரையேறவில்லை. லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்ற இருவர் 1990-இல் இதற்கு மறுப்பு எழுதினார்கள். ட்வோராக் பலகை அப்படி ஒன்றும் உசத்தி இல்லை, அதைப் புகழ்ந்த கடற்படை ஆய்விலேயே ட்வோராக்கின் கை இருந்தது, சந்தை முட்டாள் இல்லை என்று.

மகள் டேவிட் கட்சி. நான் எந்தக் கட்சியும் இல்லை. மறுப்புக் கட்டுரையில் வந்த ஒரு செய்தியில் நான் நின்றுவிட்டேன். 1956-இல் அமெரிக்க அரசுக்காக ஸ்ட்ராங் என்பவர் செய்த சோதனை. பத்து டைப்பிஸ்டுகளுக்கு ட்வோராக் பலகையில் மறுபயிற்சி கொடுத்தார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம். தங்கள் பழைய வேகத்துக்குத் திரும்பவே அவர்களுக்கு இருபத்தைந்து நாளுக்கு மேல் ஆனது. இந்தச் செலவு திரும்பி வராது, மாற வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மகளுக்கு அது ட்வோராக் தோற்ற கதை. எனக்குப் பட்டது வேறு: விரலை மாற்ற எவ்வளவு செலவாகும் என்று யாரோ அளந்திருக்கிறார்கள். ஒப்பந்தம் போட்டு அலவன்ஸ் வாங்கிய சித்தப்பாவுக்கு அடுத்தபடி, இந்தக் கணக்கை எடுத்தவர்களாக என் கண்ணில் பட்டது இவர்கள்தான். நல்லதும் கெட்டதும் பலகையில் இல்லை என்றேன் அவளிடம். மாறுகிற செலவு முதலாளி தலையில் விழுந்தால் அவர் அளந்து பார்ப்பார், பத்து முறை யோசிப்பார். பக்கக் கூலிக்காரி தலையில் விழுந்தால் ரெண்டு நாளில் வந்துவிடும் என்பார்.

"அப்ப நம்ம இன்ஸ்டிடியூட் சார்?" என்றாள். சரியான கேள்விதான். ஷூம்பீட்டர் 1942-இல் எழுதினாராம், புதியது பழையதை அழித்துக்கொண்டே வரும் ஓயாத புயல்தான் முதலாளித்துவம் என்று. அந்தப் புயல் எங்கள் ஊரில் நன்றாகவே வீசியது. வயல் போய் ஃபிளாட் வந்தது, கிராமம் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது, ஆளுக்கு ஒரு செல்போன் வந்து எஸ்.டி.டி. பூத்துகளை ஒன்றுவிடாமல் துடைத்துக்கொண்டு போனது. மளிகைக் கடை மாடியில் மட்டும் டைப்ரைட்டர் ஓசை நிற்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தைக்கூட அது தாண்டியது. நாராயணபுரம் ஏரித் தண்ணீர் பெருகி வந்தபோது, இடப் பற்றாக்குறையில் கீழ்த்தளத்தில் அடுக்கியிருந்த மெஷின்கள் முழுகிவிட்டன. அதே கட்டடத்தில் இருந்த டி.டி.பி. கடைக் கம்ப்யூட்டர்களும் முழுகின. கம்ப்யூட்டர்கள் காயலான் கடைக்குப் போயின. ஃபேசிட் அண்ணன் வயதான காலத்தில் வந்து உட்கார்ந்து, மெஷின் மெஷினாக மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, எண்ணெய் விட்டார். அடுத்த தேர்வுக்கு அவை போயின.

போயின என்றால் நிஜமாகவே போயின. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வைப் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். தேர்வு மையம் பெரும்பாலும் ஏதாவது ஒரு பாலிடெக்னிக்கோ பொறியியல் கல்லூரியோ. பிள்ளைகள் பழகிய மெஷினையே இன்ஸ்டிடியூட்காரர்கள் டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவார்கள். கம்ப்யூட்டர் லேபைப் பூட்டி வைத்துவிட்டு, பக்கத்து ஹாலில் ரெமிங்டன்களை வரிசையாக வைத்து, மணியடித்ததும் நூறு மெஷின் ஒன்றாக ஓடும். காது அடைத்துவிடும். ஏன் என்று கேட்டால் விடை எளிது: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 டைப்பிஸ்ட் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். சார் விற்றது டைப் வித்தை இல்லை, அந்தத் தாள். மகாராஷ்டிரத்தில் 2017-இல் மெஷின் தேர்வை நிறுத்திக் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். இங்கும் அப்படி மாறினால் அந்த மாடி ஒரே வருஷத்தில் காலியாகும். புயல் எங்கே வீசும், எங்கே வீசாது என்பதற்குச் சந்தையை மட்டும் பார்த்தால் போதாது. தேர்வு அறிவிப்பையும் படிக்க வேண்டும்.

தமிழ்99 என்ன ஆனது என்று கேட்பீர்கள். பழைய பலகையை வெல்ல வந்தது. வென்றது இரண்டும் இல்லை. என் மகள் போனில் ஆங்கில எழுத்தில் ஏ எம் எம் ஏ என்று தட்டுகிறாள், அம்மா என்று வருகிறது. அவள் வயதில் தமிழ் அடிக்கும் பிள்ளைகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இப்படித்தான். முத்தையாவின் பலகை, ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பலகை இரண்டையும் மில்வாக்கி ஷோல்ஸ் விழுங்கிவிட்டார். பள்ளியிலேயே இங்கிலீஷ் பலகை விரலுக்குப் பழகிவிடுகிறது, தனியாக முதல் போடத் தேவையில்லை. டேவிட் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மகள் இதையே ஆய்வுக்கு எடுத்திருக்கிறாள். மென்பொருள் விலை, மெஷின் விலை, தேய்மானம் எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டிருக்கிறாள். பலகை மாறிய மாதங்களில் நான் இழந்தது எவ்வளவு என்று கேட்டு, பக்கத்துக்கு எட்டு ரூபாய் வீதம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். பழைய கூலி நோட்டு ஒன்று பரணில் கிடைத்தது உதவியாக இருந்தது. அவள் கைடு, ஒரு ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னும் பல பேரைப் பிடி என்று திருப்பி அனுப்பிவிட்டார். என்னோடு அந்தக் கடையில் இருந்தவர்களைத் தேடினேன். ஒருத்தி சேலையூரில் பிளவுஸ் தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். இன்னொருத்தி மகனோடு பெங்களூரில், வீடியோ காலில் பேசலாம் என்றாள். மூன்றாமவள் கேம்ப் ரோட்டில் ஒரு ஹோட்டலில் பில் போடுகிறாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். "தாராளமா சொல்றேன்க்கா. ஆனா அரை நாள் லீவ் போடணும். அந்தக் காசை யார் தருவாங்கன்னு பாப்பாகிட்ட கேட்டுச் சொல்லு."